தைத்துக் கொடுத்த கடைசி அத்தியாயம்

புத்தகக்காவுக்குக் கோபம் வந்தால் அதை முதலில் தெரிந்துகொள்வது அவளுடைய தையல் மிஷின்தான். வாயிலிருந்து ஒரு சொல் வராது. கால் மட்டும் பெடலைப் போட்டு மிதிக்கும். மிதிக்கிற மிதியில் மேசைமேல் இருக்கிற கத்தரிக்கோல் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அன்று காலையில் கடை திறந்து, காஜா அக்கா தன் முக்காலியைத் தட்டிப்போட்டு உட்காருவதற்குள் இரண்டு ஊசி உடைந்துவிட்டது.

"யார் மேல கோபம்னு சொல்லிட்டு உடைம்மா. ஊசி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் காஜா அக்கா. சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலை. ஊர்க்கதையை அவிழ்ப்பதும் முடிவதும் அவள் பொழுதுபோக்கு.

"யார் மேலயும் இல்ல."

"என் மேல இல்லையே? அது போதும்."

ஜன்னலோரத்து மிஷினில் இருந்த சின்னவள் தலையை நிமிர்த்தவில்லை. பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். கோபம் தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் புத்தகக்காவின் நாத்தனார். ஒரே வீட்டில் தூங்கி எழுந்து, ஒரே பஸ்ஸில் வந்து, பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்காருகிறவர்கள். அன்று காலை மட்டும் பஸ்ஸில் ஒருத்தி முன் வாசலில் ஏறினாள், மற்றவள் பின் வாசலில் ஏறினாள்.

அப்படி என்ன நடந்துவிட்டது என்று கேட்டால், ஒரு புத்தகம் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

புத்தகக்கா பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை விட்டது. அவள் எழுத்தை விடவில்லை. உதடு அசையாமல் படிக்க வராது. மற்றவர்கள் மூன்று பக்கம் புரட்டுகிற நேரத்தில் ஒரு பக்கம் படிப்பாள். "நான் என்ன, ரயிலைப் பிடிக்கவா ஓடறேன்?" என்பாள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வருவதுதான் அவளுக்குப் புத்தகம். அட்டை கிழிந்து, முதுகு பிய்ந்து வருகிறவற்றுக்கு மிச்சம் விழுந்த துணியில் சட்டை தைத்துப் போடுவாள். அதனால் அவள் அலமாரியில் புத்தகத்துக்குப் பேர் கிடையாது. சீருடை நீலம், ஜன்னல்திரைப் பூ, டாக்டரம்மா கோட்டு என்றுதான் அவளுக்கு அடையாளம்.

சமையலறையில் உப்பு ஜாடியில் புத்தகத்தைச் சாய்த்து, துணி காயப்போடுகிற கிளிப்பால் பக்கத்தைக் கவ்வவிட்டுப் படிப்பாள். கதாநாயகி கண்ணைக் கசக்கும்போது அடுப்பில் பால் பொங்கிவிடும். "இந்த வீட்டுப் பூனைதான் கொடுத்து வெச்சது. மத்தவங்களுக்கு அடிப்பிடிச்ச பால்தான்" என்று அவள் புருஷன் முணுமுணுப்பார். பஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அந்த முணுமுணுப்புதான் அவருடைய அதிகபட்சச் சண்டை.

படித்ததை அடுத்தவர் கையில் கொடுக்காவிட்டால் புத்தகக்காவுக்குத் தூக்கம் வராது. அளவு நாடாவைத் தோளில் வைக்கும்போதே ஆளையும் அளந்துவிடுவாள். நிமிர்ந்து நிற்கக் கூச்சப்படுகிற பெண்ணுக்கு ஒரு கதை. மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டு அளவு கொடுக்கிறவருக்கு ஒரு சிரிப்புக் கதை. "கடவுளே, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும்" என்று மனதுக்குள் சொல்லித்தான் கொடுப்பாள். கடை நடத்துகிற மாஸ்டருக்கு இது பிடிக்காது. "தைக்கக் குடுத்தவங்கள்ல பாதிப் பேரு துணி வாங்கவே வர்றதில்லம்மா. நீ புத்தகத்தைப் பத்திக் கேப்பியோன்னு பயந்து எதிர்ச் சாரியிலேயே நடந்து போறாங்க!"

இதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதைத் தொடங்கிவைத்தவள் காஜா அக்காதான். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "ஓஹோ, செத்துப் போயிடறானா" என்று மூடிக் கையில் கொடுத்துவிடுவாள். பிறக்காத பிள்ளைக்குச் சாவு நாள் குறிக்கிற மாதிரி. ஒரு நாள் பொறுக்க முடியாமல், புத்தகக்கா கடைசி அத்தியாயத்துத் தாள்களை எல்லாம் சேர்த்துப் பிடித்து, எழுத்து இல்லாத ஓரத்தில் சிவப்பு நூலால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டாள். துணி நகராமல் இருக்கத் தற்காலிகமாகப் போட்டுப் பிறகு உருவி எடுக்கிற தையல். "கதை அங்க வந்து சேர்றப்ப நூலை உருவிட்டுப் படிங்க. அதுவரைக்கும் கைய வெக்காதீங்க."

அன்றிலிருந்து அவள் கொடுக்கிற கதை எல்லாம் கடைசி அத்தியாயம் தைத்துத்தான் போகும். திரும்பி வந்தால் அதே ஓட்டைகளில் மறுபடி நூல் கோத்து, அடுத்த ஆளுக்குப் போகும்.

முடிவை ஒளித்துவைக்கப் போட்ட தையல், வேறொன்றையும் காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. படித்து முடித்தவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது நூல் இருக்காது. படிக்காதவர்கள் நூலோடு கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, "அருமைக்கா! கடைசியில அழுதே போயிட்டேன்" என்பார்கள். இஸ்திரிக்காரர் அழுதார். மருந்துக்கடைப் பெண் அழுதாள். கடை வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி இரண்டு நாள் சாப்பிடவே இல்லையாம். நூல் மட்டும் போட்டது போட்டபடி சிரித்துக்கொண்டிருக்கும்.

புத்தகக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். "அப்படியா, சந்தோஷம்" என்று வாங்கி வைத்துவிடுவாள். ஆனால் கையும் களவுமாகப் பிடித்த பொய்யைச் சொல்லாமல் விழுங்கினால் அது வயிற்றில் கிடந்து புளிக்கத்தானே செய்யும். வருஷக்கணக்கில் புளித்துக் கிடந்தது.

சின்னவள் சங்கதி வேறு. முன்பெல்லாம் ஒரே புத்தகத்துக்கு இரண்டு தலை. கல்யாணமாகிப் போன பிறகும் சின்னவள் வந்தால் முதலில் அலமாரியைத்தான் திறப்பாள். அடுப்படியில் உட்கார்ந்து, இவன் நல்லவன், அவள் கெட்டவள் என்று பாத்திரம் உருள உருளச் சண்டை போடுவார்கள். அப்புறம் ஒரு நாள் சின்னவளின் புருஷன் பெட்டியை எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். சின்னவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அலமாரிப் பக்கமே போகவில்லை. யாரோ எழுதிவைத்த அழுகையைப் படிக்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் மிச்சமில்லை என்று புத்தகக்கா நினைத்துக்கொண்டாள். வற்புறுத்தவில்லை. காத்திருந்தாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தானாகவே வந்து நின்றாள். "சும்மா உக்காந்தா மனசு எங்கெங்கயோ போகுது. ஏதாவது இருந்தாக் குடுங்க அண்ணி."

புத்தகக்காவுக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. அலமாரியில் பின்வரிசையில் பத்திரமாக இருந்த பச்சைத்துணிப் புத்தகத்தை எடுத்தாள். அவள் அதிகமுறை படித்தது அதைத்தான். துறைமுகத்து ஓரத்தில் தங்கும் விடுதி நடத்துகிற ஒரு பெண்ணின் கதை. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு தனியாளாக நின்று விடுதியைத் தூக்கி நிறுத்துகிறாள். தினமும் படுக்கும் முன் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு மழைநாள். நோயும் பசியுமாக அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் வெகு நேரம் நின்று, தாழ்ப்பாளை நீக்குகிறாள். அங்கே கதை முடிகிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைப்பாள். மனிதருக்குள் இவ்வளவு பெரிய மனசை வைத்த கடவுளை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவாள்.

கடைசி அத்தியாயத்தைத் தைத்துக் கொடுத்தாள். பிறகு மூன்று வாரமாகச் சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதையில் எந்த இடத்தில் இருக்கிறாளோ, விடுதிக்கு அந்த மாலுமி வந்துவிட்டானா, விடுதி எரிந்துவிட்டதா! கேட்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் சின்னவள் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணி. நல்லா இருந்துச்சு."

"முழுசாப் படிச்சிட்டியா?"

"ம்."

"முடிவு?"

"ம். நல்லா இருந்துச்சுன்னு சொல்றேனே."

புத்தகக்கா ஓரத்தைப் பார்த்தாள். சிவப்பு நூல் போட்டது போட்டபடி இருந்தது.

ஊரார் பொய் புளித்த ஏப்பத்தோடு போய்விடும். இது கன்னத்தில் விழுந்த அறை. இஸ்திரிக்காரரும் இவளும் ஒன்றா? படிக்க முடியல அண்ணி என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்திருக்கமாட்டேனா? என்னையுமா ஏமாற்ற வேண்டும்? புத்தகத்தை அலமாரியில் வீசிய வேகத்தில் சீருடை நீலமும் டாக்டரம்மா கோட்டும் சரிந்து விழுந்தன. அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை. காலையில் ஊசி உடைந்தது.

பதினொரு மணி வாக்கில் மாஸ்டர் கட்டிங் மேசையை விட்டு வந்து நடுவில் நின்றார். காதில் செருகிய சாக்குக்கட்டியை எடுத்துக் கையில் உருட்டினார். ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை பார்த்திருக்கேன்னு சொன்னேன்ல. முடிஞ்சிருச்சு. அடுத்த வாரம் திறக்கறோம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அங்க போயாகணும். ரெண்டு பஸ் மாறணும், அலைச்சல்தான். நீங்களே பேசி ஒரு முடிவு சொல்லுங்க."

"பேசறதுக்கு என்ன இருக்கு?" புத்தகக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள். "அவளை அனுப்புங்க."

ஜன்னலோரத்து மிஷின் நின்றது. காஜா அக்காவின் கையும் நின்றது.

மாஸ்டருக்கு வேலை சுலபமாக முடிந்த சந்தோஷம். "சரியாப் போச்சு! நானும் அதான் நெனச்சேன். அவ வீட்டுக்காரரும் அந்தப் பக்கந்தானே இருக்காரு? நாளைக்கு ஒண்ணு சேர்ந்துட்டா இன்னும் தோதுதான்."

புத்தகக்காவின் கால் பெடலிலிருந்து நழுவியது. அந்த நினைப்பே அவளுக்கு இல்லை. யோசித்திருந்தால் வாயில் வந்திருக்காது. அந்த நிமிஷமே "இருங்க மாஸ்டர்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் சிவப்பு நூல் கண்முன் வந்து நின்றது. கோபம் வந்தவருக்குக் கண்தான் போகும் என்பார்கள், அவளுக்கு நாக்கும் போயிற்று. பெடலை மிதித்தாள்.

சின்னவள் கைவேலையை மடித்துவைத்துவிட்டு, நேரத்தோடு கிளம்பிப் போய்விட்டாள்.

"இது நல்லா இல்ல பார்த்துக்க" என்றாள் காஜா அக்கா. இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சின்னவளின் செருப்பு வாசலில் கிடந்தது, ஆளைக் காணோம். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். புருஷன் வேலையிலிருந்து வந்து, கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"என்ன, சொல்லித் தொலைங்க."

"மாப்பிள்ளை ஆள் விட்டிருக்காரு. அந்தப் பொம்பளையும் இவரும் பிரிஞ்சாச்சாம். திரும்பக் கூட்டி வெச்சுக்கறேங்கறாரு. போன வாரமே தங்கச்சிகிட்ட சொன்னேன். வாயே திறக்கல. 'சரி, அண்ணியை விட்டுப் பேசச் சொல்றேன்'னேன். நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். உன் பேச்சைத்தான் அவ கேப்பா."

"என்னைக் கேக்காம நீங்க எப்படி என் பேரைச் சொல்லலாம்?"

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! கழுவின கையைத் துடைங்க முதல்ல. தரையெல்லாம் தண்ணி!"

அவரை விரட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் பாத்திரமாக எடுத்து வைத்ததில் ஒரு மூடி தரையில் உருண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் மேலும் கோபம். ஆள் விட்டவன்மேல், தொண்டை செருமினவர்மேல், பொய் சொன்னவள்மேல், அவளை அனுப்பச் சொன்ன தன் வாய்மேல். இத்தனைக்கும் காரணம் அந்தப் பச்சைத்துணிப் புத்தகம்தான் என்று தோன்றியது. அதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை. நூலை உருவி எறிந்துவிட்டு, அடியில் போட்டு வைத்துவிடலாம் என்று எடுத்தாள்.

மேல் ஓரத்தில் விரலால் தடவினாள். முடிச்சு இல்லை.

அவள் எப்போதும் மேலே முடிச்சுப் போட்டுக் கீழ் நோக்கித் தைப்பவள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அதே சிவப்பு நூல், அதே ஓட்டைகள். ஆனால் முடிச்சு அடியில் இருந்தது. தையல் கீழேயிருந்து மேலே ஏறியிருந்தது. கடையில் அப்படித் தைக்கிறவள் ஒருத்திதான். சின்னவள் இடக்கைக்காரி.

நூலை அறுக்காமல் முழுசாக உருவி, படித்து முடித்து, அதே நூலை அதே ஓட்டைகளில் கோத்துத் தைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நேற்றே உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோபத்தில் சிவப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம் இன்னும் ஒரு மடங்கு ஏறியது. படித்துவிட்டு, படிக்காத மாதிரி தைத்துக் கொடுப்பாளா? புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

சின்னவள் கொடியிலிருந்த கடைசிப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சிட்டு எதுக்குடி மறுபடி தைச்சே?"

சின்னவள் திரும்பவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உன் கையை எனக்குத் தெரியாதா? எதுக்குத் தைச்சே?"

"தைக்காமக் குடுத்தா என்ன கேப்பீங்க? 'முடிவு எப்படி இருந்துச்சு? அவ கதவைத் திறந்தாளே, பார்த்தியா, எப்பேர்ப்பட்ட மனசு!' இதானே? அதுக்குத்தான் தைச்சேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதா இல்ல." போர்வையைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "அண்ணன் ஒரு பக்கம் பேசறாரு. அண்ணியும் பேசுவான்னு சொல்றாரு. மறுநாள் நூலை உருவிப் பார்த்தா, புத்தகமே பேசுது! அவன் வந்து நிக்கறான், இவ தாழ்ப்பாளை நீக்கறா. எனக்கு உபதேசம் பண்ண உங்களுக்கு வாயில்லையா அண்ணி? புத்தகத்தையா அனுப்புவீங்க?"

"நான் குடுத்தப்ப இந்த விஷயமே எனக்குத் தெரியாது! உங்கண்ணன் இப்பதான் செருமிச் செருமிச் சொன்னாரு!"

"சரி, அது தெரியாது. இன்னைக்கு? வீட்டை விட்டுத் துரத்தப் புத்தகம், கடையை விட்டுத் துரத்த மாஸ்டரா? 'அவளை அனுப்புங்க'ன்னீங்களே, எங்க அனுப்பச் சொன்னீங்க? கடைக்கா, அவன் வாசலுக்கா?"

புத்தகக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நூல் அப்படியே இருந்துச்சு" என்றாள் கடைசியில். "நீயும் பொய் சொல்லிட்டேன்னு நெனச்சேன். ஊரெல்லாம் சொல்றாங்க, நீ சொன்னது தாங்கல. வேற எதுவும் என் மண்டையில இல்ல. அந்தக் கடை எந்தப் பக்கம்னுகூட நான் யோசிக்கல. சாமி சத்தியமா."

"ஒரு நூலுக்காகவா?"

"எனக்கு வேற யாரு இருக்கா, படிச்சிட்டுப் பேசறதுக்கு?" கத்திவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். "எத்தனை வருஷமா அழுதேன் அழுதேன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். ஒருத்தராவது ஒரு சண்டை போட்டாங்களா?"

சின்னவள் கூடையைத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கிளிப்புகள் சிதறின.

"சண்டையா? சண்டைதானே வேணும்? சரி, சொல்லுங்க. கதவைத் திறந்துட்டா. அதோட முடிச்சிட்டாங்க. மறுநாள் காலையில என்ன ஆச்சு? அவன் அழுக்குச் சட்டையை யாரு தொவைச்சா? விடுதிக் கல்லாப்பெட்டியில யாரு உக்காந்தா? அதை ஏன் எழுதல?"

புத்தகக்கா அந்தக் கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். மறுநாள் காலைக்கு அவள் போனதே இல்லை.

"அவ திறந்தது அவனுக்காக இல்ல" என்றாள் விடாமல்.

"பின்ன, காத்து வரட்டும்னா?"

"அவளுக்காக! தினமும் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துட்டுப் படுக்கறவ என்னைக்கு நிம்மதியாத் தூங்குவா?"

"தாழ்ப்பாள் போட்டாத்தான் நிம்மதியாத் தூக்கம் வரும் அண்ணி. எனக்கு வருதே!"

"நீ தூங்கறியா? பொய் சொல்லாத. உன் ரூம்ல விளக்கு எரியறது எனக்குத் தெரியும்."

"அது படிக்கறதுக்கு! அந்தப் பாழாப்போன புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். இவ திறக்காம இருந்திரக் கூடாதான்னு!"

அதற்கு மேல் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கீழே புருஷன் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, சத்தத்தைக் கேட்டு, வைத்த காலை எடுத்துக்கொண்டார். அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்று பேரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ரொட்டியைத் தின்னும்போதும் சண்டை. நடுவில் அவர் ஒரு தடவை, "அப்ப மாப்பிள்ளைகிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் "ஒண்ணும் சொல்லாதீங்க!" என்றார்கள்.

மறுநாள் கடைக்குப் போனதும் புத்தகக்கா நேராகக் கட்டிங் மேசைக்குப் போனாள்.

"மாஸ்டர், அவ வேணாம். நான் போறேன்."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "என்னம்மா இது, நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு? இது கடையா, நாடகக் கொட்டகையா? அந்தப் பக்கம் அவ போறதுதான் எல்லாருக்கும் தோது."

"யாருக்குத் தோதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. நேத்து நான் வாயை விட்டது என் தப்பு. அந்தத் தப்புக்கு நான்தான் ரெண்டு பஸ் மாறணும், அவ இல்ல."

"வயசான காலத்துல..."

"யாருக்கு வயசாச்சு?"

மாஸ்டர் சாக்குக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டார். பேச்சு முடிந்தது.

இப்படித்தான் புத்தகக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். புதுக் கடையில் வெளிச்சம் போதாது. மிஷின் பழசு. பேசிச் சிரிக்கக் காஜா அக்கா இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் தன் நாக்கைத் தானே திட்டிக்கொள்வாள். ஆனால் மாறிக்கொள்ளலாம் என்று சின்னவள் சொன்னபோது, "போடி, உன் தயவு எனக்கெதுக்கு?" என்றுவிட்டாள்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் சின்னவளின் புருஷன் வந்தான். கையில் ஒரு பேன்ட். இவளைப் பார்த்ததும் படியிலேயே தயங்கினான்.

"அக்கா... நீங்க இங்கயா?"

"பேன்ட்டைக் குடுங்க."

"நீளம் கொஞ்சம் கொறைக்கணும்."

அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் மண்டியிட்டுக் குண்டூசி குத்தினாள். வாயிலும் குண்டூசி இருந்தது நல்லதாகப் போயிற்று.

"அவ எப்படி இருக்கா?"

கடைசி ஊசியையும் குத்திவிட்டு எழுந்தாள். "நிறையப் படிக்கறா."

அவன் சிரித்துவைத்தான். எப்படியாவது பேச்சை வளர்க்க வேண்டுமே. "ஊருக்கெல்லாம் புத்தகம் குடுப்பீங்களே அக்கா, எனக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

புத்தகக்கா அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தாள். "உங்க அளவுக்கு இன்னும் யாரும் எழுதல. பேன்ட் செவ்வாய்க்கிழமை கிடைக்கும்."

சாயங்காலம் இதைச் சொல்லிச் சின்னவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். "செவ்வாய்க்கிழமையா? திங்கக்கிழமையே தைச்சு வெச்சிருங்க. அவன் ரெண்டாவது தடவை கேக்கற சாக்கு வேணாம்" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பழைய பேப்பர் கடையில் அவளே போய்த் தேடி எடுத்தது. சீருடைத் துணியில் அட்டை போட்டிருந்தாள். கடைசி அத்தியாயம் ஓட்டுத் தையலில் இருந்தது. முடிச்சு அடியில்.

"இந்தாங்க. இதுல ஒருத்தி இருக்கா. இவ என்ன பண்றான்னு பாருங்க. படிச்சிட்டு வந்து பேசுங்க."

"நல்ல கதையா?"

"படிங்க அண்ணி."

மறுநாள் காலையில் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோர சீட்டில் புத்தகக்கா உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அடிப்பாவி, கையெழுத்துப் போடாதடி!" என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். தையலுக்கு இன்னும் நிறையத் தூரம் இருந்தது.